தன்னைக் காயப்படுத்திக்கொண்ட பிள்ளை சிகிச்சையில் நிலைப்பது எதனால்?

தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்டு அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வரும் பிள்ளையின் காயத்துக்கு அன்றே மருந்து போட்டுவிடலாம். அதற்குப் பின் தொடங்க வேண்டிய மனநல சிகிச்சைதான் பாதியில் நின்றுபோகிறது. 1993இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, புறநோயாளர் பிரிவில் சேர்ந்த பதின்ம வயதினரை இரு பிரிவாக வைத்துப் பார்த்தது. தற்கொலைக்கு முயன்று வந்தவர்கள் விலகும் முன் வந்துபோன சந்திப்புகளின் இடைநிலை எண் 3. வேறு பிரச்சினைகளுக்காக வந்தவர்களுக்கு அது 11. யாருக்குச் சிகிச்சை மிக அவசியமோ அவர்களே முதலில் நின்றுவிட்டார்கள்.

இப்படி நின்றுபோனவர்களின் கோப்பில் 'ஒத்துழைக்கவில்லை' என்று ஒரு வரி எழுதப்படும். அந்த வரி பெரும்பாலும் தவறு. பிள்ளை சிகிச்சையில் தங்குமா என்பதை அதன் பிடிவாதத்தைவிட, முதல் நாள் அதை நடத்திய விதமும் அதற்கடுத்த மூன்று நான்கு வாரங்களுக்குச் செய்துவைத்த ஏற்பாடுகளும்தான் அதிகம் தீர்மானிக்கின்றன.

எங்கே அறுந்துபோகிறது

காயம்பட்ட இரவில் வீடே ஆடிப்போயிருக்கும். மருத்துவர் எது சொன்னாலும் செய்கிறோம் என்பார்கள். மூன்று நான்கு நாளில் பிள்ளை சாப்பிடுகிறாள், சிரிக்கிறாள், பள்ளிக்குக் கிளம்புகிறாள். 'நல்லாத்தானே இருக்கா, எதுக்கு மறுபடி கிளறணும்' என்று யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே எல்லோரும் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். மூன்று வாரம் தள்ளிக் கொடுத்த அப்பாயின்ட்மென்ட் அந்த நேரத்தில் அமைதியைக் கெடுக்க வரும் ஒன்றாகத்தான் தெரியும். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய முதல் சில வாரங்கள்தான் ஆபத்து மிகுந்தவை என்பதால், இந்த இடைவெளி இரண்டு வழியிலும் கெடுதல்.

பிள்ளையின் பக்கமிருந்து பார்த்தால் காரணம் வேறு. பலருக்குக் காயப்படுத்திக்கொள்வது தாங்க முடியாத பதற்றத்தைச் சற்று நேரம் அடக்கும் வழியாக இருந்திருக்கிறது. அந்த ஆறுதல் நிற்பதில்லை. பின்னாலேயே வெட்கமும் குற்றவுணர்வும் வந்து, பதற்றம் முன்னிலும் கூடுகிறது. ஆனாலும் கையில் வேறு வழி எதுவும் தராமல் 'இனிமேல் செய்ய மாட்டேன்னு எழுதிக் கொடு' என்று முதல் நாளே கேட்டால், பிள்ளை கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போய்விடும். அடுத்த முறை நடந்தால் சொல்லாது. இப்படி எழுதி வாங்குவது உயிரைக் காக்கிறது என்பதற்கு ஆதாரம் கிடையாது. உண்மையை மறைக்க ஒரு காரணத்தை மட்டும் அது கூடுதலாகக் கொடுக்கிறது.

இன்னொன்று கேள்விக் களைப்பு. அவசரப் பிரிவு மருத்துவர், நர்ஸ், மனநல மருத்துவர், உளவியலாளர், கடைசியில் ஆலோசகர் என ஒவ்வொருவரும் 'என்ன நடந்துச்சு, ஏன் பண்ணின' என்று முதலிலிருந்து தொடங்குகிறார்கள். ஐந்தாவது முறை அதே கதையைச் சொல்லும் பிள்ளைக்கு, யாரும் தன் பேச்சைக் குறித்துவைத்ததுகூட இல்லை என்று தோன்றினால் அதைக் குறை சொல்ல முடியாது. கோப்பை முழுதாகப் படித்துவிட்டு, 'இதுவரைக்கும் நீ சொன்னதெல்லாம் படிச்சுட்டேன். திரும்பச் சொல்ல வேண்டாம். இதுல தப்பா எழுதினது எது, விட்டுப்போனது எது, அதை மட்டும் சொல்லு' என்று தொடங்கும் ஆலோசகர் அந்த ஒரு வாக்கியத்தாலேயே வேறுபட்டவராகிவிடுகிறார்.

முதல் நாளில் அரை மணி நேரம் கூடுதலாக

இதில் கூர்ந்து பார்க்க வேண்டிய முயற்சி ஒன்று லண்டனில் நடந்தது. டென்னிஸ் ஊக்ரினும் அவருடன் பணியாற்றியவர்களும் 'சிகிச்சைத் தன்மையுள்ள மதிப்பீடு' என்று ஒரு முறையை வகுத்தார்கள். வழக்கமான மதிப்பீடு ஏறத்தாழ ஒரு மணி நேரம்: வரலாறு, வீட்டுச் சூழல், ஆபத்து. அது முடிந்ததும் மதிப்பிடுபவர் பத்து நிமிடம் இடைவேளை எடுத்துக்கொண்டு, கேட்டதை எல்லாம் தனியாக அசைபோடுகிறார். பிறகு திரும்பி வந்து, பிள்ளையோடு அரை மணி நேரம் உட்கார்ந்து ஒரு தாளில் படம் வரைகிறார்.

அந்தப் படத்தில் என்ன இருக்கும்? பதினைந்து வயதுப் பெண் ஒருத்தியை எண்ணிக்கொள்ளுங்கள். தாளின் மேற்பகுதியில் அவள் வாழ்க்கையில் திரும்பத் திரும்ப வரும் உறவு: ஒரு பக்கம் 'எதுக்கும் குறை சொல்றவங்க', மறுபக்கம் 'எதுக்கும் லாயக்கில்லாத நான்'. நடுவில் வட்டம் போட்டு, அந்த உறவு உள்ளே விட்டுச்செல்லும் வலி: 'யாருக்கும் நான் வேண்டாம்.' அந்த வட்டத்திலிருந்து ஓர் அம்பு கிளம்புகிறது. வலி பொறுக்காமல் அறைக்கதவைச் சாத்திக்கொள்வது, காயப்படுத்திக்கொள்வது, சற்று ஆறுதல், வீட்டில் தெரிந்துபோய்த் திட்டு. அம்பு சுற்றிவந்து மறுபடி 'குறை சொல்றவங்க' என்ற இடத்திலேயே முட்டுகிறது. தாளைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெண்ணுக்குத் தன் பிரச்சினை 'நான் கெட்டவள்' என்பதிலிருந்து 'நான் ஒரு சுற்றில் மாட்டியிருக்கிறேன்' என்பதாக மாறுகிறது. கடைசியில் அந்தச் சுற்றிலிருந்து வெளியேற ஒரு சிறு வாசலை இருவரும் சேர்ந்து தேடுகிறார்கள். இதையெல்லாம் சுருக்கி ஒரு கடிதமாக எழுதிப் பிள்ளையிடமே கொடுப்பது முறையின் கடைசிப் படி.

2011இல் வெளியான சோதனையில் 12 முதல் 18 வயது வரையுள்ள 70 பேர் இருந்தார்கள். இந்தக் கூடுதல் அரை மணி கிடைத்தவர்களில் 83 சதவீதம் பேர் முதல் சிகிச்சைச் சந்திப்புக்கு வந்தார்கள். வழக்கமான மதிப்பீடு மட்டும் பெற்றவர்களில் 49 சதவீதம். நான்கு சந்திப்புகளோ அதற்கு மேலோ வந்தவர்கள் 40 சதவீதமும் 11 சதவீதமும். சிறிய சோதனைதான், ஆனால் வேறுபாடு சிறியதல்ல.

செய்யும்போது இது சறுக்கும் இடங்கள் உண்டு. படத்தை மருத்துவரே தன் சொற்களில் வரைந்துவிடுவது முதல் தவறு. 'தாழ்ந்த சுயமதிப்பு' என்று எழுதினால் அது அவருடைய படம், 'வேஸ்ட்டு நான்' என்று பிள்ளை சொன்னதை அப்படியே எழுதினால்தான் பிள்ளையின் படம். இரண்டாவது, ஒரே தாளில் முழு வாழ்க்கையையும் திணிப்பது. ஒரு சுற்று போதும். வாசல் மிகப் பெரிதாக இருப்பதும் உதவாது. 'இனிமே கோபமே படமாட்டேன்' என்பது வாசல் அல்ல. 'கதவைச் சாத்திக்கறதுக்கு முன்னாடி அக்காவுக்கு ஒரு மெசேஜ் போடுவேன்' என்பது வாசல். பிள்ளையைக் கேட்காமல் படத்தைப் பெற்றோர் முன் விரித்துக் காட்டினால், அன்றோடு எல்லாம் முடிந்தது.

வெளியே அனுப்பும் முன்

அவசரப் பிரிவிலிருந்து கிளம்பும்போது கையில் 'மனநலப் பிரிவைப் பார்க்கவும்' என்று எழுதிய சீட்டு மட்டும் இருந்தால் அது பரிந்துரை, அவ்வளவுதான். ஏற்பாடு என்றால் நாள், நேரம், அறை, பார்க்கப்போகிறவரின் பெயர் நான்கும் எழுதியிருக்க வேண்டும். அந்த ஆலோசகரே ஐந்து நிமிடம் வந்து முகம் காட்டிவிட்டுப் போனால் இன்னும் நல்லது. தெரிந்த முகத்தைப் பார்க்க வருவதும் தெரியாத கட்டடத்துக்கு வருவதும் ஒன்றல்ல. சந்திப்பு ஒரு வாரத்துக்குள் அமைவது நல்லது. பாதுகாப்பு பற்றிய கவலை இருந்தால் மதிப்பீடு முடிந்த 48 மணி நேரத்துக்குள் தொடர்புகொள்ள வேண்டும் என்கிறது இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டிகளை வகுக்கும் நைஸ் அமைப்பு 2022இல் வெளியிட்ட வழிகாட்டி. மதிப்பெண் போடும் அட்டவணைகளை வைத்து 'குறைந்த ஆபத்து, அதிக ஆபத்து' என்று பிரித்து, அதன்படி யாருக்குச் சிகிச்சை என்று முடிவெடுக்கக் கூடாது என்றும் அதே வழிகாட்டி சொல்கிறது. 'குறைந்த ஆபத்து' என்ற முத்திரை, பின்தொடராமல் விடுவதற்கு வசதியான சாக்காகிவிடும்.

குடும்பத்தையும் அங்கேயே, அன்றே சேர்த்துக்கொள்வதன் பலன் அமெரிக்காவில் ஜோன் அசர்னோ குழு 2011இல் வெளியிட்ட ஆய்வில் தெரிந்தது. இரண்டு அவசரப் பிரிவுகளுக்கு வந்த 10 முதல் 18 வயது வரையுள்ள 181 பேரில், அங்கேயே ஒரு குடும்ப அமர்வும் வீடு திரும்பியபின் தொலைபேசித் தொடர்பும் கிடைத்தவர்களில் 92 சதவீதம் பேர் புறநோயாளர் சிகிச்சைக்குப் போனார்கள். வழக்கமான கவனிப்பில் 76 சதவீதம். அந்த அமர்வில் செய்தது பெரிய வித்தை ஒன்றுமில்லை. பெற்றோரும் பிள்ளையும் ஒருவரிடம் ஒருவர் பிடித்த நல்ல குணத்தைச் சொல்வது, எந்தச் சூழலில் மனம் கொதிக்கிறது என்று அடையாளம் காண்பது, அப்போது என்ன செய்வது என்று திட்டமிடுவது, வீட்டில் ஆபத்தானவற்றை அகற்றுவது.

அந்தத் திட்டம் எழுத்தில் இருக்க வேண்டும். பார்பரா ஸ்டான்லியும் கிரிகரி பிரவுனும் வகுத்த பாதுகாப்புத் திட்டத்தின் வரிசை இன்று பரவலாகப் பயன்படுகிறது: மனம் சரியத் தொடங்குவதன் அறிகுறி, தனியாகவே செய்துபார்க்கக்கூடியவை, கவனத்தைத் திருப்பும் ஆட்களும் இடங்களும், வாய்விட்டு உதவி கேட்கக்கூடியவர்கள், தொழில்முறை உதவிக்கான எண்கள், சுற்றுப்புறத்தைப் பாதுகாப்பாக்குவது. ஒரு பக்கத்தைத் தாண்டினால் யாரும் படிக்க மாட்டார்கள். பிள்ளை அதைப் போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளட்டும். 'பாட்டு கேட்பேன்' என்று எழுதியிருந்தால் எந்தப் பாட்டு என்றும் எழுத வேண்டும். இரவு இரண்டு மணிக்குத் தேடிக்கொண்டிருக்க முடியாது. ஒவ்வொரு வரிக்கும் 'இதைச் செய்ய உன்னால முடியுமா, எது தடுக்கும்?' என்று கேட்டுவிட்டே அடுத்ததற்குப் போக வேண்டும். திட்டத்தில் இருப்பதெல்லாம் செய்தும் உயிரை முடித்துக்கொள்ளும் எண்ணம் தணியவில்லை என்றால், அடுத்த அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வர வேண்டும், அதுவரை பிள்ளையைத் தனியே விடக் கூடாது என்பதும் அதே தாளில் தடித்த எழுத்தில் இருக்கட்டும்.

வீட்டில் யாருடைய மாத்திரையாக இருந்தாலும், தாத்தாவின் சர்க்கரை மாத்திரை உட்பட, பூட்டுக்குள் போக வேண்டும். சாவி ஒரு பெரியவரிடம்.

வராத நாளில் என்ன செய்வது

குழந்தைகளுக்கான பிரிட்டன் மருத்துவ சேவைகளில் ஒரு சொல்மாற்றம் நடந்திருக்கிறது. 'வரவில்லை' என்று பதிவதற்குப் பதில் 'அழைத்து வரப்படவில்லை' என்று பதிகிறார்கள். சின்ன மாற்றம்தான். ஆனால் அடுத்த கேள்வியை அது மாற்றிவிடுகிறது: பிள்ளைக்கு ஏன் அக்கறை இல்லை என்பதல்ல, அழைத்து வர யாருக்கு என்ன தடை?

தடைகள் நிஜமானவை என்பதற்கு 2002இல் ஆந்தனி ஸ்பிரிட்டோ குழு வெளியிட்ட சோதனையே சான்று. அவசரப் பிரிவில் ஒரு முறை பிரச்சினை தீர்க்கும் பயிற்சி, பிறகு 8 வாரங்களில் 4 தொலைபேசி அழைப்புகள். மூன்று மாதத்தில் இந்தப் பிள்ளைகள் சராசரியாக 7.7 சந்திப்புகளுக்குப் போனார்கள், மற்றவர்கள் 6.4. பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் காத்திருப்புப் பட்டியல், காப்பீட்டுச் சிக்கல் போன்ற வெளித்தடைகளைக் கணக்கில் எடுத்துப் பார்த்தபோது அது 8.4க்கு 5.8 என்றானது. குடும்பத்தை எவ்வளவுதான் உற்சாகப்படுத்தி அனுப்பினாலும், போய்ச் சேரும் இடத்தில் கதவு திறக்காவிட்டால் உற்சாகம் வீண்.

அதனால் தவறிய சந்திப்புக்கு அன்றே அழைக்க வேண்டும், நான்கு நாள் கழித்து அல்ல. கூப்பிடுவது வரவேற்பாளராக இல்லாமல் சிகிச்சை தருபவராக இருந்தால் நல்லது. 'ஏன் வரல?' என்று தொடங்கும் அழைப்புக்குச் சாக்குதான் பதிலாக வரும். இப்படித் தொடங்கலாம்: 'அம்மா, இன்னிக்குப் பார்க்க முடியல, எல்லாரும் நல்லா இருக்கீங்களான்னு கேட்கத்தான் கூப்பிட்டேன். வர்றதுல எது கஷ்டமா இருக்குன்னு சொன்னீங்கன்னா நேரத்தை மாத்திப் பார்ப்போம்.' பள்ளி விட்டபின் ஒரு நேரம், பெற்றோர் கூலியை இழக்காத ஒரு நாள், ஒரு வாரம் நேரில் மறுவாரம் வீடியோவில் என்று பல தடைகள் இந்த ஒரு கேள்வியிலேயே அவிழ்ந்துவிடும். பதில் இல்லையென்றால் இரண்டு நாளில் மறுபடி, பிறகு ஒரு கடிதம், தேவைப்பட்டால் வீட்டுக்கே ஒருவர். இரண்டு முறை வராவிட்டால் பெயரை நீக்குவது என்ற விதி, தன்னைக் காயப்படுத்திக்கொண்ட பிள்ளைகளுக்குப் பொருந்தவே கூடாது.

பிள்ளையின் சொந்த எண்ணுக்குச் செய்தி அனுப்பும் முன் ஒன்று கேட்டுக்கொள்ள வேண்டும்: மருத்துவமனையின் பெயர் அதில் வரலாமா? பக்கத்து இருக்கைத் தோழி எட்டிப் பார்த்த ஒரு குறுஞ்செய்தியால் சிகிச்சை நின்றுபோகும்.

ரகசியம், பெற்றோர், மறுபடி ஒரு காயம்

பதின்ம வயதினர் ஆலோசகரிடம் முதலில் சோதிப்பது ஒன்றைத்தான்: இவர் அம்மாவின் ஆளா? 'நீ சொல்றது எல்லாம் ரகசியம்' என்பது பொய். அது உடைபடும் நாளில் நம்பிக்கையும் உடையும். எல்லையை முதல் பத்து நிமிடத்திலேயே சொல்லிவிடலாம்: 'நீ இங்க சொல்றது நமக்குள்ளதான். உன் உயிருக்கு ஆபத்துன்னு தோணினாலோ, யாராவது உன்னைத் துன்புறுத்துறாங்கன்னு தெரிஞ்சாலோ மட்டும் நான் வெளிய சொல்லியாகணும். அப்பவும் முதல்ல உன்கிட்டதான் சொல்வேன். யார்கிட்ட, என்ன வார்த்தையில சொல்றதுன்னு சேர்ந்து யோசிப்போம்.' இதைப் பெற்றோர் முன்னிலையிலும் ஒரு முறை சொல்ல வேண்டும்.

பெற்றோருக்கென்று தனி நேரம் ஒதுக்காத இடங்களில், அமர்வில் பேசியதை அவர்கள் திரும்பும் வழியில் காரில் வைத்துப் பிள்ளையிடமிருந்து எடுக்கப் பார்ப்பார்கள். 'என்ன கேட்டாங்க? என்னைப் பத்தி என்ன சொன்ன?' இந்த விசாரணை நான்கு வாரம் தொடர்ந்தால் பிள்ளை சந்திப்பையே வெறுக்கும். மாதம் ஒரு முறையாவது பெற்றோரோடு மட்டும் அரை மணி நேரம் பேசினால் இந்த அரிப்பு குறையும். அவர்களுக்கும் அச்சம் இருக்கிறது, தூக்கம் போயிருக்கிறது, சிலருக்கு மனச்சோர்வே இருக்கும். அம்மாவுக்குச் சிகிச்சை தொடங்கியபின் மகளின் வருகை சீரானது என்பது இந்தத் தொழிலில் புதுமையான செய்தியல்ல.

சிகிச்சை நடக்கும்போதே மறுபடி காயப்படுத்திக்கொள்வது நடக்கும். அதைத் தோல்வியாகப் பார்க்கும் ஆலோசகரிடம் பிள்ளை திரும்பி வராது. மார்ஷா லினெஹன் உருவாக்கிய டிபிடி (டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி) என்ற பேச்சு சிகிச்சை இதில் தெளிவான ஒழுங்கு வைத்திருக்கிறது. ஒவ்வொரு அமர்விலும் முதலில் பேச வேண்டியது உயிரை அச்சுறுத்தும் நடத்தை. இரண்டாவது, சிகிச்சையைக் குலைக்கும் எதுவும்: தாமதமாக வருவது, வராமலிருப்பது, ஆலோசகர் மேலுள்ள கோபம், ஆலோசகரே செய்த தவறும்கூட. மற்ற பிரச்சினைகள் அதற்குப் பிறகுதான். வராமல் போனது அங்கே குற்றமல்ல, பேசுபொருள். சங்கிலியின் கண்ணிகளை எண்ணுவது போல, அன்று காலையிலிருந்து ஒவ்வொரு நிகழ்வாக எடுத்து, எந்தக் கண்ணியை மாற்றியிருக்கலாம் என்று பார்ப்பார்கள். பதின்ம வயதினருக்கான வடிவத்தில் பெற்றோரும் திறன் பயிற்சியில் உட்காருவார்கள், அமர்வுகளுக்கு நடுவே ஆலோசகரைத் தொலைபேசியில் அழைக்கலாம். 2018இல் வெளியான 173 பேர் கொண்ட அமெரிக்க ஆய்வில் இந்தச் சிகிச்சையை முடித்தவர்கள் 45.4 சதவீதம், ஆதரவுப் பேச்சு சிகிச்சையை முடித்தவர்கள் 16.1 சதவீதம். பாதிக்கும் மேற்பட்டோர் முழுதாக முடிக்கவில்லை என்பதையும் அந்த எண்ணில் சேர்த்தே படிக்க வேண்டும்.

மாத்திரை தரப்பட்டிருந்தால் அதற்கும் ஓர் எச்சரிக்கை. மனச்சோர்வு மாத்திரைகள் வேலை செய்ய சில வாரம் ஆகும், குமட்டலும் படபடப்பும் முதல் வாரமே வந்துவிடும். இதை முன்பே சொல்லாவிட்டால் குடும்பம் இரண்டாம் வாரம் மாத்திரையையும் மருத்துவரையும் சேர்த்தே விட்டுவிடும். இளையோரிடம் இவை தற்கொலை எண்ணத்தைக் கூட்டக்கூடும் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2004இல் மருந்துக் குறிப்பில் கட்டம் கட்டிய எச்சரிக்கையை அச்சிட வைத்தது. அதன் நடைமுறைப் பொருள், தொடங்கிய வாரங்களில் நெருக்கமாகப் பார்ப்பது, ஒரு தடவையில் சில நாளுக்கான மாத்திரைகளை மட்டும் கொடுப்பது, திடீரென்று நிறுத்தாமல் மருத்துவரை அழைப்பது.

வருகை மட்டும் போதாது

சிகிச்சைக்கு வருவதும் குணமாவதும் ஒன்றல்ல. லண்டன் சோதனையின் பிள்ளைகளை இரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்தபோது, வருகையில் முன்னே இருந்த பிரிவு மறுபடி காயப்படுத்திக்கொள்வதில் தெளிவான குறைவு எதையும் காட்டவில்லை. அசர்னோவின் ஆய்விலும் வருகை கூடியது, மனநிலை அளவுகளில் வித்தியாசம் தெரியவில்லை. இங்கிலாந்தில் 832 பேரை வைத்து நடந்து 2018இல் வெளியான குடும்ப சிகிச்சைச் சோதனையும் மருத்துவமனைக்கு மறுபடி வருவதைக் குறைக்கவில்லை. வாசலில் கூட்டம் சேர்ப்பதற்கு இணையாக, உள்ளே தரப்படுவது என்ன என்றும் கேட்டாக வேண்டும். வாராவாரம் வந்து 'எப்படி இருக்க?' 'நல்லா இருக்கேன்' என்று முடியும் அரை மணி நேரம் வருகைப் பதிவேட்டை மட்டுமே நிரப்பும். ஒவ்வொரு அமர்வின் கடைசி ஐந்து நிமிடத்தில் 'இன்னிக்கு எது உனக்கு உபயோகமா இல்ல?' என்று கேட்பது சங்கடமான பழக்கம்தான், ஆனாலும் அந்தச் சங்கடமான பதில்தான் அடுத்த வாரத்துக்கு வேலை தருகிறது.

முடிப்பதிலும் கவனம் வேண்டும். வாரம் ஒன்று என்பது இரண்டு வாரத்துக்கு ஒன்று, பிறகு மாதத்துக்கு ஒன்று என்று குறைய வேண்டும். தேர்வுக் காலத்திலோ ஆலோசகர் மாறும் வாரத்திலோ முடிக்கக் கூடாது. பதினெட்டு வயதில் பெரியவர்கள் பிரிவுக்கு மாற்றுவதென்றால், பழைய ஆலோசகரும் புதியவரும் சேர்ந்தே ஒரு அமர்வில் உட்கார வேண்டும். கடைசி அமர்வில் பாதுகாப்புத் திட்டத்தைப் பிள்ளையே புதிதாக எழுதட்டும். பழைய தாளில் இருந்த பாதி வரிகள் இப்போது பொருந்தாது. ஒரு மாதம் கழித்து அழைக்கும் தேதியைக் குறித்துக்கொண்டு, மறுபடி வரவேண்டி நேர்ந்தால் எந்த எண்ணுக்கு அழைப்பது, புதிதாகப் பதிவு செய்யாமல் எத்தனை மாதம் வரை நேராக வரலாம் என்பதை அதே தாளின் அடியில் எழுதிக் கொடுக்க வேண்டும்.